மலைச் சைக்கிளுக்கு எடை குறைந்த ஹேண்டில்பார்: கேள்வி பதில்

கேள்வி: என் சைக்கிளில் 780 மி.மீ. அகலமுள்ள அலுமினிய ஹேண்டில்பார் இருக்கிறது; எடை 320 கிராம். கார்பன் ஃபைபருக்கு மாறினால் கொடுக்கும் காசுக்குப் பலன் கிடைக்குமா, ஐயா?

பதில்: அதே அகலத்தில் நல்ல கார்பன் ஹேண்டில்பார் ஏறத்தாழ 200 கிராம் இருக்கும். 13 கிலோ எடையுள்ள சைக்கிளில் 120 கிராம் குறைவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஏற்றத்தில் உங்கள் கால்களுக்கு அது தெரியப்போவதில்லை. எடைதான் உங்கள் கவலை என்றால் அந்தப் பணத்தை முதலில் டயரில் போடுங்கள். கற்பாதையில் கை மரத்துப்போகிறது, அதிர்வு குறைய வேண்டும் என்பது காரணமானால் கார்பனை யோசிக்கலாம்; ஆனால் அதற்கும் முன்னால் டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிடுங்கள், அது செலவில்லாத வேலை.

கேள்வி: டைட்டானியம் உறுதியானது என்கிறார்கள், அலுமினியம் இலேசானது என்கிறார்கள். உலோகங்களுக்குள் எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஒரு கன சென்டிமீட்டர் ஸ்டீல் ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டானியம் 4.5 கிராம், அலுமினியம் 2.7 கிராம். இந்த எண்களை மட்டும் பார்த்தால் அலுமினியம் எளிதாக வென்றுவிட்டதாகத் தோன்றும். ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் இறங்குகிறது: ஸ்டீலுக்கு 200 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), டைட்டானியத்துக்கு 110, அலுமினியத்துக்கு 70. கைப்பிடி உறையான கிரிப் ஏறும் முனையின் வெளிவிட்டம் எல்லா மலைச் சைக்கிள் ஹேண்டில்பாருக்கும் 22.2 மி.மீ. என்று நிலைத்துவிட்டதால், குழாயைப் பெரிதாக்கித் தப்பிக்கவும் அங்கே வழியில்லை. சுவரின் தடிமனை மட்டுமே மாற்ற முடியும். ஆகவே ஒரே அளவு விறைப்பு வேண்டுமென்றால் மூன்று உலோகங்களிலும் எடை ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கும்.

வேறுபாடு வலிமையிலும், ஆயிரக்கணக்கான முறை அதிர்ந்த பிறகும் விரிசல் விடாமல் தாங்கும் தன்மையிலும் இருக்கிறது. அங்கே டைட்டானியம் அலுமினியத்தை முந்துகிறது, வியர்வையாலும் அரிபடாது. அதன் மெல்லிய சுவர் சற்று வளைந்துகொடுப்பதைச் சிலர் விரும்பியே வாங்குகிறார்கள். விலையோ கார்பனோடு போட்டியிடும். எடையைக் குறைப்பதற்காக அதை வாங்குவதில் பொருளில்லை என்பது என் கருத்து.

கேள்வி: கடையில் 6061, 7075 என்று இரண்டு வகை காட்டுகிறார்கள். என்ன வேறுபாடு?

பதில்: இரண்டும் அலுமினியக் கலவைகளே, அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். டி6 எனும் வெப்பப் பதப்படுத்தலில் 6061 சுமார் 275 மெகாபாஸ்கல் தகைவில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். 7075 சுமார் 500 வரை தாங்கும். அதனால்தான் 7075-இல் சுவரை மெலிதாக்கி எடையைக் குறைக்க முடிகிறது. பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பது இதையே.

கேள்வி: நடுப்பகுதியின் விட்டம் 35 மி.மீ. உள்ளதை வாங்கலாமா, 31.8 போதுமா?

பதில்: சுவரின் தடிமன் மாறாதபோது குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடியாக ஏறும் என்பதால், 35 மி.மீ. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் விறைப்பாகிவிடுகிறது. அந்த விறைப்பு நேராகக் கைக்கு வந்து சேரும். நீங்கள் கனமானவராகவோ பெரிய இறக்கங்களில் குதிப்பவராகவோ இல்லையென்றால் 31.8 போதும். எதை வாங்கினாலும், ஹேண்டில்பாரை நடுவில் கவ்விப் பிடிக்கும் ஸ்டெம் அதே அளவில் இருக்க வேண்டும்.

கேள்வி: கார்பன் திடீரென்று உடைந்துவிடும் என்று நண்பர்கள் அச்சுறுத்துகிறார்கள், உண்மையா?

பதில்: அச்சம் முழுவதும் பொய்யன்று. உலோகம் பெரும்பாலும் வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் அப்படிக் காட்டாது. ஆயினும் அதைக் கெடுப்பது பெரும்பாலும் நம் கையிலுள்ள ஆலன் கீதான். ஸ்டெம் போல்ட்டை, இறுக்கத்தை அளந்துகாட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் இறுக்காதீர்கள்; ஸ்டெமிலும் ஹேண்டில்பாரிலும் வெவ்வேறு இறுக்க அளவு அச்சிட்டிருந்தால் குறைந்ததையே பின்பற்றுங்கள். கிரீஸ் தடவக் கூடாது. மணல்மணியாக இருக்கும் கார்பன் பேஸ்ட் தடவினால் குறைந்த இறுக்கத்திலேயே நழுவாமல் பிடிக்கும். பிரேக் லீவரின் கவ்வியை, விழும்போது சுழன்றுகொடுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஸ்டெமின் விளிம்பு கூராக இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். பலமாக விழுந்த பிறகு நகத்தில் தட்டுப்படும் கீறல் தெரிந்தால், விலையைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டியதுதான்.

அலுமினியமும் என்றென்றைக்கும் உழைக்காது. கிரிப்பைக் கழற்றிப் பார்த்தால் வியர்வை தின்ற வெள்ளைக் குழிகள் தெரியலாம். விரிசல் தொடங்குவது அங்கேதான்.

கேள்வி: 800 மி.மீ. கார்பன் ஹேண்டில்பாரை 760-ஆக வெட்டலாமா?

பதில்: தயாரிப்பாளர் வெட்டும் கோடுகள் அச்சிட்டிருந்தால் அவற்றுக்குள் வெட்டலாம். டேப் சுற்றி, நுண்பல் ஹேக்சா பிளேடால், தண்ணீர் தெளித்துக்கொண்டே வெட்டுங்கள். தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால் முகக்கவசம் கட்டாயம்.