ஜவ்வாது மலை மான்கள்: கேட்டதும் சொன்னதும்

வேலூர், திருப்பத்தூர் பக்கத்துக் காடுகளில் வனக்காவலராகச் சேர்ந்து வனவராக ஓய்வு பெற்றவன் நான். மானைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் பாதி, சுற்றி வளைத்து, "சுடலாமா" என்பதில்தான் போய் நின்றன. கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நட்ட பயிரை விடியற்காலையில் மொட்டையாகப் பார்க்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்?

ஐயா, ரெண்டு ஏக்கர் மல்லாட்டை (நிலக்கடலை) போட்டேன். ராத்திரியோட ராத்திரியா மான் வந்து மேஞ்சுட்டுப் போயிடுது. பன்னியைச் சுட அரசாங்கம் சரின்னு சொல்லிடுச்சாமே, மானுக்கும் அனுமதி வாங்க முடியுமா? (ஆலங்காயம் விவசாயி)

மேய்ந்தது மான்தானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மண்ணைக் கிளறி, செடியைப் புரட்டி, காயைத் தின்றிருந்தால் அது பன்றி. முயல் கடித்த தண்டு கத்தியால் சாய்வாகச் சீவியது போல இருக்கும். மானுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது. கீழ்ப்பல்லால் பிடித்து இழுத்துப் பிய்க்கும். அதனால் நுனி நார்நாராகக் கிழிந்திருக்கும். விடியற்காலை ஈர மண்ணில் தடமும் பாருங்கள். பன்றித் தடத்தில் இரண்டு குளம்புக்கும் பின்னால், பக்கவாட்டில் இரண்டு சின்னக் குழி சேர்ந்து விழும். மான் நடந்த தடத்தில் பெரும்பாலும் அது இருக்காது. என் அனுபவத்தில் "மான் தின்னுது" என்று கூப்பிட்ட பல கொல்லைகளில் பெரிய சேதம் செய்தது பன்றி. மான் நுனி கடித்துவிட்டுப் போயிருக்கும், பழி முழுக்க அதன் மேல்.

அனுமதி விஷயம். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. 11ஆவது பிரிவில் ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்த அதிகாரம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கோ, அதற்கென்று அதிகாரம் பெற்ற அதிகாரிக்கோதான். அவர் காரணத்தை எழுதி வைத்து உத்தரவு போட வேண்டும். 2025இல் நம் அரசு சொன்ன பன்றி விஷயத்தில்கூட, காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைத்தான், அதுவும் துறை ஆட்கள்தான் சுடலாம். விவசாயி கையில் துப்பாக்கி என்ற பேச்சே இல்லை. மானுக்கு அந்த அளவுகூட இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது வேலி. பழைய சேலை கட்டுவது நாலைந்து நாள்தான் பலிக்கும். இடத்தையும் நிறத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். நிலையான வேலி என்றால் 8 அடி உயரம் வேண்டும், கீழ் இடைவெளியையும் அடைக்க வேண்டும். புள்ளிமான் தாண்டுவதற்கு முன் நுழைய முடியுமா என்றுதான் பார்க்கும். சோலார் வேலி போடுவதாக இருந்தால் 2023 முதல் அதற்கென்று விதி இருக்கிறது. வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். இ.பி. லைனில் கொக்கி போட்டுக் கம்பி மட்டும் இழுக்காதீர்கள். காலையில் அந்தக் கம்பியில் மானுக்குப் பதில் பக்கத்துக் கொல்லைக்காரர் கிடப்பார். சேதத்துக்குப் படம் எடுத்து, சிட்டா, அடங்கலோடு ரேஞ்ச் ஆபீசில் மனு கொடுங்கள். அறுவடை முடிந்த பிறகு வந்தால் யாராலும் எதையும் சரிபார்க்க முடியாது.

நாலு தடவை அமிர்திப் பக்கம் காட்டுக்குள்ள அனுமதியோட நடந்து போயிட்டேன். ஒரு மான்கூடக் கண்ணுல படலை. அவ்வளவு குறைஞ்சு போச்சா சார்? (வேலூர் கல்லூரி மாணவர்)

குறைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் தம்பி, நீங்கள் பார்க்காததற்கு அது காரணம் இல்லை. மான் உங்களைப் பார்த்திருக்கும். அதற்குக் கண் பக்கவாட்டில். தலையைத் திருப்பாமலே பின்பக்கம் வரை தெரியும். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு மங்கல்தான், ஆனால் நீலம் நன்றாகத் தெரியும். நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அதைவிட முக்கியம் அசைவு. நின்றால் மரம், நடந்தால் ஆள்.

எல்லாவற்றுக்கும் மேல் மூக்கு. எனக்கு வழி காட்டிய மலை வாட்சர் ஒருவர், நடக்கும் முன் ஒரு சிட்டிகைப் புழுதியை விரலிடுக்கில் உதிர்த்துப் பார்ப்பார். ஜவ்வாது மலைச் சரிவில் விடியற்காலையில் குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே இறங்கும். அப்போது கீழிருந்து ஏறிப் போனால் உங்கள் வாசனை மானுக்குப் போகாது. வெயில் ஏறியதும் காற்று திரும்பி மேல்நோக்கிப் போகும். அதன் பிறகு மேலிருந்து இறங்க வேண்டும். ஒருநாள் இது தெரியாமல் நான் முன்னால் நடந்தேன். நூறு அடி தூரத்தில் புதர் அசையவே இல்லை. கடமான் ஒன்று "டாங்க்" என்று ஒரே ஒரு சத்தம் போட்டது, முன்காலால் தரையை ஒரு தட்டு தட்டியது, அவ்வளவுதான். வாட்சர் திரும்பி என் சட்டையைத் தொட்டு, "சோப்பு" என்றார்.

புள்ளிமான் கூட்டமாக, காலையிலும் மாலையிலும் வெளிச்சத்தில் மேயும். கடமான் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ இருக்கும், பெரும்பாலும் இரவில் நடமாடும். கேளையாடு என்கிற சின்ன மான் சத்தத்தால்தான் தெரியும், நாய் குரைக்கிற மாதிரி. இந்த அறிவெல்லாம் பழைய வேட்டைக்காரர்கள் கையில் இருந்தது. இன்று எண்ணுகிறவனுக்கு அதே அறிவு வேண்டும்.

சரி, கண்ணுலயே படாததை எப்படி எண்றீங்க? கணக்குல சொல்ற எண்ணிக்கையை நம்பலாமா? (குடியாத்தம், பள்ளி ஆசிரியை)

நல்ல கேள்வி அம்மா. தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் உட்கார்ந்து வந்ததை எல்லாம் எண்ணினால் ஒரே கூட்டத்தை மூன்று தடவை எழுதுவோம். அதனால் காட்டுக்குள் நேர்கோடு போட்டு, சுமார் 2 கிலோமீட்டர், காலையில் மெதுவாக நடப்போம். மான் தெரிந்ததும் நின்று, எத்தனை உருப்படி, எவ்வளவு தூரம், எந்தக் கோணம் என்று மூன்றையும் எழுதுவோம். இதில்தான் சூட்சுமம். கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பது அநேகமாக எல்லாமே கண்ணில் படும். தள்ளித் தள்ளிப் போகப் போகத் தப்பிவிடும். எந்த வேகத்தில் பார்வை குறைகிறது என்பது அந்தத் தூரங்களிலிருந்தே தெரிகிறது. அதை வைத்துப் பார்க்காமல் விட்டதையும் கணக்கில் சேர்க்கலாம். உன்னிச்செடி மண்டிய இடத்தில் 10 மானும், வெட்டவெளியில் 10 மானும் ஒரே கணக்கு இல்லை என்பதற்கு இதுதான் காரணம். புழுக்கைக் குவியலை எண்ணும் முறையும் உண்டு. முதுகு வலிக்கும், ஆனால் புழுக்கை ஓடிப் போகாது.

ஒரே வருஷத்து எண்ணை நம்பாதீர்கள். ஒரே கோட்டில், ஒரே மாதத்தில், வருஷா வருஷம் நடந்து எழுதியதை நம்புங்கள்.

என் தம்பி டெக்சாஸ்ல இருக்கான். லைசென்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போறான். வேட்டையாடறதுதான் மானைக் காப்பாத்துற வழின்னு சொல்றான். நாம மட்டும் ஏன் பொத்திப் பொத்தி வைக்கிறோம்? (காட்பாடி)

உங்கள் தம்பி சொல்வது அந்த ஊருக்குப் பொய் இல்லை. அமெரிக்காவில் வெள்ளைவால் மான் 1900 வாக்கில் சுமார் 5 லட்சமாகச் சுருங்கிப் போயிருந்தது. காரணம், கட்டுப்பாடே இல்லாமல் விற்பனைக்காகச் சுட்டது. பிறகு வேட்டைக்குப் பருவம் வைத்தார்கள், சீட்டு (லைசென்ஸ்) வைத்தார்கள், 1937இல் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் போட்ட வரியை வன உயிரினத்துக்கே ஒதுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். இன்று சுமார் 3 கோடி. இதற்கிடையில் பெரும்பாலான இடங்களில் ஓநாயை ஒழித்துவிட்டார்கள். தின்ன ஆள் இல்லாத மான் பெருகிக் காட்டின் மரக்கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடுகிறது. அந்த ஓநாயின் வேலையைத்தான் இப்போது சீட்டு வாங்கிய ஆள் செய்கிறார்.

அங்கேயும் கொம்புக்கு ஆசைப்பட்டு ஆணை மட்டும் சுட்டால் எண்ணிக்கை குறையாது. ஒரு ஆண் மான் பல பிணைகளுக்கு, அதாவது பெண் மான்களுக்கு, போதும். குறைக்க வேண்டுமானால் பிணையைத்தான் சுட வேண்டும், எத்தனை பிணை என்று முன்கூட்டியே எண்ணித் தீர்மானிக்க வேண்டும். எண்ணாமல் சுட்டால் அதற்குப் பெயர் நிர்வாகம் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் தம்பிக்கும் சொல்லுங்கள். டெக்சாஸில் 'ஆக்சிஸ்' என்று ஒரு மானை வருஷம் முழுக்கச் சுடலாம். அது நம் புள்ளிமான்தான். 1932இல் அங்கே கொண்டுபோய் விட்டது. ஹவாய்க்கு 1868இலேயே போய்விட்டது, மன்னருக்குப் பரிசாக. அந்தமானிலும் வெளியிலிருந்து கொண்டுபோய் விட்டதுதான். போன இடமெல்லாம் அது தொல்லையாகிவிட்டது. அங்கே அதைத் தின்ன யாரும் இல்லை. இங்கே சிறுத்தை இருக்கிறது, செந்நாய் இருக்கிறது, மலைப்பாம்பு இருக்கிறது, குட்டியைத் தூக்க நரி இருக்கிறது. ஜவ்வாது மலையில் மான் குறைந்தால் அந்தச் சிறுத்தை அடுத்து உங்கள் ஊர் ஆட்டுப்பட்டிக்குத்தான் வரும்.

எங்க ஊர் தரைக்கிணத்துல மான் விழுந்துடுச்சு. கயிறு கட்டித் தூக்கி, தண்ணி குடுத்து, தடவிக் குடுத்துக் காட்டுல விட்டோம். காயம் எதுவும் இல்லை. ரெண்டு நாள் கழிச்சு ஓடைக்கரையில செத்துக் கிடந்துச்சு. நாங்க என்ன தப்பு பண்ணோம்? (ஒடுகத்தூர் இளைஞர்)

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிதானமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். நீங்கள் நல்லது செய்யத்தான் போனீர்கள். ஆனால் மான் உங்களைக் காப்பாற்ற வந்தவராகப் பார்க்காது. பிடித்த சிறுத்தையாகத்தான் பார்க்கும். உயிர்ப் பயத்தில் உதறி உதறி அதன் தசை உள்ளுக்குள்ளேயே சிதைந்துபோகும். சிதைந்த தசையின் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், இதயமும் தாங்காது. வெளியில் ஒரு கீறல் இருக்காது. சில மணி நேரத்திலோ, சில நாள் கழித்தோ செத்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சித்திரை மாதம், நானும் இதையே செய்தேன். பிணைமான். ஊரே கிணற்றைச் சுற்றி நின்றது. ஆளுக்கு ஆள் சத்தம். நான் கூட்டத்தை விலக்காமல், சீக்கிரம் தூக்க வேண்டும் என்று இறங்கிவிட்டேன். மேலே கொண்டுவந்தபோது அதன் வாய் திறந்தே இருந்தது, நாக்கு வெளியே, விலா படபடவென்று அடித்துக்கொண்டது. ஒருவர் மடியில் தலையை வைத்துத் தடவினார். அந்தத் தடவலே அதற்குச் சாவு என்று எனக்கு அன்று தெரியாது. வயிற்றில் குட்டி இருந்தது பிறகுதான் தெரிந்தது.

இனி விழுந்தால் 101க்கும் ரேஞ்ச் ஆபீசுக்கும் உடனே சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை கூட்டத்தைக் கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு விரட்டுங்கள், நாய்களைக் கட்டுங்கள். தண்ணீர் ஆழமாக இருந்தால் மரக்கட்டையோ கட்டிலோ இறக்குங்கள், பிடித்து நிற்க இடம் கிடைக்கும். தூக்கும்போது கண்ணைத் துணியால் மூடினால் பாதிப் பயம் போய்விடும். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். படம் எடுக்க நிற்காதீர்கள்.

புதரில் தனியாகப் படுத்திருக்கும் குட்டியையும் தூக்கி வராதீர்கள். தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும், பால் கொடுக்கத் திரும்பி வரும். பெரும்பாலும் அது அனாதை இல்லை.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கட்டுங்கள். மூன்றடி போதும். கோடையில் காட்டோரத் தொட்டியில் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்யுங்கள். தெருநாய் பெருகாமல் பாருங்கள். நம் பக்கத்து மானுக்கு வேட்டைத் துப்பாக்கிக்குச் சமமான எமன் நாய்க்கூட்டம்தான்.

எல்லா மானையும் பிடிச்சு வேற காட்டுல விட்டுட்டா? (வாணியம்பாடி)

மேலே சொன்ன காரணத்தால் கையால் பிடித்து அனுப்புவது கொலைக்குச் சமம். மத்தியப் பிரதேசத்தில் 'போமா' என்று ஒரு முறையில் செய்கிறார்கள். தென்னாப்பிரிக்கா முறை அது. புனல் மாதிரித் துணி வேலி கட்டி, கூட்டத்தை மெல்ல ஒதுக்கி, ஆள் தொடாமலே வண்டியில் ஏற்றுவது. சமவெளிப் புல்வெளிக்குச் சரி. நம் பாறைச் சரிவில் கடினம்.

பொங்கல் சமயத்துல சாமி பார்வேட்டைக்குப் போறது பரம்பரை வழக்கம். அன்னைக்கு மட்டும் முயல், மான் அடிச்சா கேஸ் போடறது நியாயமா? (அணைக்கட்டு)

சாமி போகட்டும், மேளம் அடிக்கட்டும், நானும் கும்பிட்டுப் பின்னால் வருவேன். விலங்கைத் தொடக் கூடாது, அன்றைக்கும் கூடாது. சுருக்குக் கம்பி வைக்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கம்பிக்கு மான் யார், சினைமான் யார், பக்கத்து வீட்டு ஆடு யார் என்று தெரியாது.

ஏலகிரி பக்கம் விழுந்து கிடந்த மான் கொம்பு ஒண்ணு எடுத்தேன். நான் கொல்லலை, அதுவா விழுந்தது. வீட்டுல வைக்கலாமா? (திருப்பத்தூர்)

வைக்கக் கூடாது, விற்கவும் கூடாது. ரேஞ்ச் ஆபீசில் கொடுத்துவிடுங்கள். புள்ளிமானும் கடமானும் கொம்பை உதிர்த்து மறுபடி வளர்க்கும். புதுக்கொம்பு மேல் வெல்வெட் மாதிரித் தோல் இருக்கும், தொட்டால் சுடும், உள்ளே ரத்தம் ஓடுகிறது. வெளிமான் கொம்பு உதிராது, அது மான் குடும்பமே இல்லை, ஆடு, மாடு வகையறா. உதிர்ந்த கொம்பை முள்ளம்பன்றி வந்து கொறிக்கும். சுண்ணாம்புச் சத்துக்காக. உங்கள் கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள், ஓரத்தில் உளி வைத்துச் செதுக்கியது போல வரிவரியாக இருந்தால் ஏற்கெனவே ஒன்று வந்து பாதி விருந்தை முடித்துவிட்டது.