நியூயார்க்கின் 432 பார்க் அவென்யூ டவர் நல்ல வடிவமைப்பா, அல்லது நகரத்துக்கு வைத்த திருஷ்டிப் பொட்டா?

எனக்குப் பிடித்த கட்டடம் அது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே அதைத் திட்டவும் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: மன்ஹாட்டனில் சென்ட்ரல் பார்க்குக்குத் தெற்கே, பழைய டிரேக் ஹோட்டல் இருந்த இடத்தில் 2015ல் கட்டி முடித்த அபார்ட்மென்ட் டவர். உயரம் 1,396 அடி, ஒரு பக்கத்தின் அகலம் சுமார் 93 அடிதான். அதாவது அகலத்தைப் போல 15 மடங்கு உயரம். வடிவமைத்தவர் 2023ல் காலமான ரஃபேல் வினோலி. அடியிலிருந்து உச்சிவரை ஒரே சதுரம். மாடிதோறும் பக்கத்துக்கு ஆறு ஜன்னல், ஒவ்வொன்றும் 10 அடிக்கு 10 அடி. மொத்த டிசைனும் அவ்வளவுதான். இதைக் குப்பைக்கூடை என்று கிண்டல் செய்கிறார்கள். கிண்டலுக்கு ஒரு காரணமும் உண்டு. ஆஸ்திரியக் கலைஞர் யோசஃப் ஹோஃப்மன் வடிவமைத்த, கட்டம் கட்டமாகத் துளையிட்ட உலோகக் கூடைதான் இதற்குத் தூண்டுதல் என்று சொல்லப்படுவதுண்டு.

இந்தக் கட்டடத்தைப் பற்றி யார் சண்டை போட்டாலும், அதன் பின்னால் உள்ள பணம், அதன் டிசைன் என்ற இரண்டு விஷயங்கள் குழம்பிவிடுகின்றன. பெரும் பணக்காரர்கள் வாங்கிப் பூட்டி வைக்கும் வீடுகள், பூங்காவில் விழும் நீண்ட நிழல், பக்கத்துக் கட்டடங்கள் பயன்படுத்தாமல் விட்ட கட்டுமான உரிமையை விலைக்கு வாங்கி உயரத்தைக் கூட்டும் வித்தை. கோபம் நியாயமானதுதான். ஆனால் அதெல்லாம் நகர விதிகளின் மேல் வரவேண்டிய கோபம். கொஞ்ச தூரத்தில் 220 சென்ட்ரல் பார்க் சவுத் இருக்கிறது. அந்த டவரில் ஒரு வீடு 2019ல் 238 மில்லியன் டாலருக்கு விலைபோனது. சுண்ணாம்புக் கல் போர்த்தி, 1930களின் பாணியில் அடக்கமாக நிற்பதால் அதை இந்த அளவுக்கு யாரும் வைவதில்லை. பணம்தான் பிரச்சினை என்றால் வசவு இரண்டுக்கும் சமமாக விழுந்திருக்க வேண்டும்.

சரி, டிசைனுக்கு வருவோம். 432ல் நீங்கள் வெளியே பார்க்கும் அந்த வெள்ளைக் கட்டங்கள் அலங்காரம் இல்லை. அவைதான் தூண்களும் உத்தரங்களும். கட்டடத்தைத் தாங்குவது அந்தக் கூடும், நடுவில் லிஃப்ட்டுகளைச் சுற்றி நிற்கும் கான்க்ரீட் மையமும்தான். நடுவே வேறு தூணே கிடையாது. அதே வட்டாரத்தில் நீலக் கண்ணாடி போர்த்திய ஒன்57ஐப் பார்த்துவிட்டு இதைப் பாருங்கள். அங்கே எது எதைத் தாங்குகிறது என்று கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துபோகிறது, இங்கே மறைக்க ஒன்றுமில்லை. கட்டமைப்புப் பொறியியல் படித்தவன் என்பதால் எனக்கு இந்த நேர்மை மேல் ஒரு பலவீனம் உண்டு.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், 12 மாடிக்கு ஒருமுறை இரண்டு மாடி உயரத்துக்கு ஜன்னல் கண்ணாடியே இருக்காது. வெறும் சட்டம், உள்ளே மையச் சுவர் தெரியும். காற்று புகுந்து போகத்தான் அந்தத் திறப்பு. ஒல்லியான டவரை ஆட்டுவது நேராக முட்டும் காற்று மட்டுமில்லை. இரண்டு ஓரங்களிலும் மாறி மாறிக் கழன்று போகும் காற்றுச் சுழல்கள் கட்டடத்தைக் குறுக்குவாட்டில் இழுக்கும். அந்தச் சுழல்களின் தாளமும் கட்டடம் இயல்பாக ஆடும் தாளமும் ஒன்றிவிட்டால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். மேலே போகப் போக வடிவத்தை மாற்றினால் சுழல்கள் ஒன்றுசேராமல் சிதறும். புர்ஜ் கலீஃபா படிப்படியாகக் குறுகிப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நுனிவரை மாறாத சதுரம் என்பது காற்றைப் பொறுத்தவரை கிட்டத்தட்ட மிக மோசமான தேர்வு. வினோலி தெரிந்தேதான் அதைத் தேர்ந்தெடுத்தார். பிறகு அந்தப் பிடிவாதத்துக்குத் திறந்த மாடிகளாகவும், உச்சியில் ஆட்டத்தை அடக்கும் நூற்றுக்கணக்கான டன் எடைகளாகவும் விலை கொடுக்க வேண்டியதாயிற்று.

எனக்கு உண்மையான குறை இங்கேதான். 2021ல் வீட்டு உரிமையாளர்கள் சங்கம் கட்டியவர்கள் மேல் வழக்குப் போட்டது. தண்ணீர்க் கசிவு, காற்றடித்தால் நின்றுபோகும் லிஃப்ட், இரவில் கிறீச்சிடும் சுவர்கள், மொத்தம் 1,500க்கும் மேற்பட்ட குறைகள் என்று குற்றச்சாட்டு. கட்டியவர்கள் அதை மறுத்தார்கள். வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் வெளிக் கான்க்ரீட்டில் விரிசல் என்ற புகாரை வடிவமைப்புக் கேள்வியாகவே பார்க்கிறேன். கண்ணாடி போர்த்திய கட்டடத்தில் ஒரு பலகை கெட்டால் கழற்றி மாற்றலாம். இங்கே தோலும் எலும்பும் ஒன்றே. வெள்ளைப் பரப்பில் மயிரிழை விரிசலும் பளிச்சென்று தெரியும், ஒட்டுப்போட்டால் ஒட்டும் தெரியும், அதுவும் ஆயிரம் அடி உயரத்தில் தொங்கிக்கொண்டு செய்யவேண்டிய வேலை. நான் மெச்சிய நேர்மைக்கு இப்படி ஒரு பராமரிப்புச் செலவு உண்டு என்பதை ‘அழகு, அசிங்கம்’ விவாதத்தில் யாரும் பேசுவதே இல்லை.

இன்னொரு குறையும் சொல்லலாம்: எல்லா ஜன்னலும் ஒரே அளவு என்பதால் தூரத்திலிருந்து உயரமே பிடிபடாது. சிலருக்கு அதுதான் அழகு. எனக்கு அது கொஞ்சம் திமிராகப் படும்.

‘அப்போ அந்தப் பென்சில் டவர்களில் எதைத்தான் நல்லதென்று சொல்வாய்?’ என்று கேட்டால், 111 வெஸ்ட் 57ஆம் தெருவில் உள்ள ஸ்டைன்வே டவர். அது 432ஐவிட ஒல்லி, அகலத்தைப் போல 24 மடங்கு உயரம். ஆனால் பார்க்கைப் பார்க்காத தெற்குப் பக்கத்தில் படிப்படியாக உள்வாங்கி, உச்சியில் இறகுபோல் மெலிகிறது. பக்கச் சுவர்களில் சுட்டமண் பலகைகளும் வெண்கலமும் இருப்பதால் வெளிச்சம் மாற மாற முகமும் மாறும். அங்கே குடியேறச் சொன்னால் யோசிக்காமல் போவேன். 432ஐப் பற்றி என்றால், பூங்காவின் ஷீப் மெடோ புல்வெளியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன், சாவியைக் கொடுத்தால் மட்டும் முதலில் லிஃப்ட்டைப் பற்றிக் கேட்பேன்.