ஆற்றுவதும் ஆற்றுப்படுத்துவதும்

ஐயா,
பள்ளியில் பிள்ளைகளின் மனக்குறைகளைக் கேட்கும் வேலையில் இருக்கிறேன். என் மேசையில் 'ஆற்றுப்படுத்துநர்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். ஆறுதல் சொல்பவர் என்றுதானே பொருள்? யாருக்கும் புரிவதில்லை. 'கவுன்சிலர்' என்று மாற்றச் சொல்லவா?
— ம.

அன்புள்ள ம.,

கவுன்சிலர் என்றால் நம் ஊரில் வார்டு உறுப்பினர்தான் நினைவுக்கு வருவார். சரி, அதை உங்கள் பள்ளி பார்த்துக்கொள்ளட்டும்.

ஆனால் 'ஆறுதல் சொல்பவர் என்றுதானே' என்று சுலபமாக எழுதிவிட்டீர்களே, அதை என்னால் விடமுடியவில்லை. தினமும் அந்தப் பலகைக்குப் பின்னால் உட்காருகிறவர் ஒருமுறை அகராதியைப் புரட்டியிருக்க வேண்டாமா? சூடான பாலை ஆற்றுவது வேறு. இது 'ஆறு' என்ற பெயரிலிருந்து வந்தது. சோறு, சோற்றுப்பானை ஆவது போல. ஆறு என்றால் வழி. குறளில் வரும் 'அறத்தாறு' அந்த ஆறுதான். ஆளை வழியில் சேர்ப்பதுதான் ஆற்றுப்படுத்துவது. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள் இருக்கின்றன. எல்லாமே பரிசோ அருளோ போய்ப் பெற்றவர், பெறாதவருக்கு வழி சொல்வது.

இருபது வருடத்துக்கு முன் அம்மாவை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சுவரெல்லாம் அம்புக்குறி, ஆனாலும் எங்கே போவதென்று தெரியவில்லை. கவுன்டரில் இருந்தவர் தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டினார். அப்போது ஃபிளாஸ்க்கோடு படியிறங்கி வந்த ஒரு பெண் நின்றார். "ஸ்கேனுக்கா? இது பணம் கட்டுற வரிசை, இங்க நிக்காதீங்க. முதல்ல சீட்டுல சீல் வாங்குங்க. அந்தப் படி வழுக்கும், அம்மாவைச் சுவரோரமா கூட்டிட்டுப் போங்க. உள்ள ரொம்பக் குளிரும், சால்வை இருக்கா?" அவர் கணவர் ஒரு மாதமாக அங்கே படுத்திருந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அம்மாவின் கை நடுக்கம் நின்றுவிட்டது.

அந்த ஐந்தில் ஒன்றான மலைபடுகடாம் படிக்கும்போதெல்லாம் அந்தக் குரல்தான் கேட்கிறது. செங்கண்மாவில் இருந்த நன்னன் என்ற மன்னனிடம் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்கிறார்கள். பாறையில் பாசி வழுக்கும், கோரையைப் பிடித்துக்கொண்டு போங்கள். பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பகலில் போங்கள். கவண்கல் பறந்து வரும், மரத்தின் மறைவில் போங்கள். அப்புறம் வழி பிரியும் இடம் வருகிறது. அங்கே இடத்தைத் துடைத்து, புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள், பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக.

வழி பிரியும் அந்த இடத்துக்குப் பாட்டில் என்ன பெயர் தெரியுமா? கவலை. உங்கள் அறைக்கு வரும் பிள்ளையும் அங்கேதான் நிற்கிறது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள் அம்மா. அந்த வயதில் நீங்கள் எங்கே வழுக்கினீர்கள், எதைப் பிடித்து ஏறினீர்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் எனக்கும் எழுதுங்கள்.