வகுப்புக்கும் பயணத்துக்கும் தூக்கிச் செல்ல எந்தத் தையல் மிஷின் வாங்கலாம்?

வாரம் மூன்று நாள் பஸ்ஸில் தையல் வகுப்புக்குப் போகிறீர்கள், விடுமுறையில் அம்மா வீட்டுக்கும் எடுத்துப் போக வேண்டும், மூன்று கிலோவுக்குள் வரும் மினி மிஷின் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஐந்தரைக் கிலோவிலிருந்து ஏழு கிலோவுக்குள், உள்ளே உலோகச் சட்டம் உள்ள, மோட்டாரில் ஓடும் முழு மிஷினாக வாங்குங்கள். உஷா ஜனோம், சிங்கர், பிரதர் மூன்றிலும் ஆரம்ப நிலை மிஷின்கள் பெரும்பாலும் இந்த எடைக்குள்தான் வருகின்றன. மினி மிஷின் இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கும்போது இதற்குப் பத்தாயிரத்தைச் சுற்றிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

எனக்கு ஊர் தேனி மாவட்டத்துக் கூடலூர். வண்டிப்பெரியாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தையல் சொல்லிக் கொடுக்கிறேன். கூடலூரில் பஸ் ஏறி, லோயர் கேம்ப் தாண்டி, மலை வளைவுகளில் குமுளி. நம் ஊர்ப் பஸ் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். இறங்கி, எல்லையைக் கடந்து, கேரளப் பஸ் நிலையம் வரை நடக்க வேண்டும். ஒரு கையில் குடை, ஒரு கையில் மிஷின். அங்கிருந்து வண்டிப்பெரியாறு, பிறகு ஜீப். ஆகவே எடையைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு. ஏழு கிலோ தோள் பையில் இருந்தால் அந்த நடை தாங்கும். பழைய கறுப்பு இரும்பு மிஷினின் தலை மட்டுமே பத்துக் கிலோவைத் தாண்டும். அதைத் தினமும் தூக்கினால் முதுகு போய்விடும்.

நானும் முதலில் மினிதான் வாங்கினேன். இரண்டு வேகம், சின்ன விளக்கு, அடாப்டர் எல்லாம் இருந்தது. மெல்லிய பருத்தித் துணியில் இரண்டு மடிப்பு வரை நன்றாகவே தைத்தது. ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண் தன் முதல் லைனிங் ஜாக்கெட்டைத் தைத்துக்கொண்டிருந்தாள். கை பொருத்தும் இடத்தில், பக்கத் தையலும் கைத் தையலும் சந்திக்கும் அந்த அக்குளில், துணி, லைனிங், உள் மடிப்பு எல்லாம் சேர்ந்து எட்டுப் பத்து அடுக்கு வந்துவிடும். ஊசி பாதியில் நின்றது. மோட்டார் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. கையால் சக்கரத்தைத் திருப்பி நகர்த்தியதில், துணியைப் புரட்டிப் பார்த்தால் அடிப்பக்கம் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடந்தது. அவள் என்னிடம், "டீச்சர், எனக்குக் கை சரியாக வரவில்லை" என்றாள். கை சரியாகத்தான் வந்தது. அன்றைய பிழை முழுவதும் மிஷினுடையது. இரண்டு வாரம் அவள் ஜாக்கெட்டைத் தொடவே இல்லை.

எனக்கு இதுதான் முக்கியம். பழகியவருக்கு மிஷின் கோளாறு எது, கைக் கோளாறு எது என்று உடனே தெரியும். கற்றுக்கொள்பவருக்குத் தெரியாது, எல்லாம் தன் தவறு என்றே எடுத்துக்கொள்வார். நீங்கள் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர் என்பதால்தான் மினி வேண்டாம் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். ஸ்டேப்ளர் போலக் கையில் பிடித்துத் தைக்கும் மிஷினும் விற்கிறார்கள். அது ஒரே நூலில் சங்கிலித் தையல் போடும். முடிச்சுப் போடாத நுனி ஒன்றை இழுத்தால் முழுத் தையலும் பிரிந்து வந்துவிடும். அதை வைத்து உடுப்புத் தைக்க முடியாது.

எடை குறைந்தால் பலமும் குறைந்தே தீரும் என்று நினைக்க வேண்டாம். சிங்கர் நிறுவனம் 1933இல் அறிமுகப்படுத்திய 221 என்ற மிஷின் அலுமினிய உடம்போடு சுமார் ஐந்து கிலோதான் இருந்தது. நேர்த் தையல் மட்டுமே போடும். அந்த மிஷின்களை இன்றும் வைத்துத் தைப்பவர்கள் வெளிநாடுகளில் உண்டு. உள்ளே இருக்கும் சட்டம் எதனால் ஆனது என்பதுதான் கேள்வி. வெளி மூடி பிளாஸ்டிக்காக இருப்பதில் தவறில்லை. கடையில் மிஷினை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லி, தலைமேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். லேசான அதிர்வு சகஜம். மேசையில் மிஷினே நகர ஆரம்பித்தால் வேறொன்றைப் பாருங்கள். எடை குறைந்த மிஷின் எதற்குமே அடியில் ஒரு ரப்பர் விரிப்புப் போட்டுக்கொள்வது நல்லது.

அடி நூல் சுற்றி மிஷினுக்குள் போடும் சின்ன உருளையான பாபினைப் பற்றிப் பலரும் கேட்பதே இல்லை. வகுப்பில் பாதித் தையலில் அடி நூல் தீர்ந்துவிடும், பக்கத்தில் இருப்பவர் சுற்றி வைத்த பாபினை நீட்டுவார். அது உங்கள் மிஷினில் பொருந்த வேண்டும். வீட்டு மிஷின்களில் அதிகம் புழங்குவது கிளாஸ் 15 என்ற அளவு. மேலிருந்து பாபின் போடும் மாடல்கள் பலவற்றில் அதே அளவுப் பிளாஸ்டிக் பாபின்தான் போட வேண்டும். இரும்புப் பாபின் போட்டால் நூலின் இறுக்கம் (டென்ஷன்) கெடும். ஊசியும் அப்படித்தான். ஒரு பக்கம் தட்டையான காம்பு உள்ள ஹெச்ஏஎக்ஸ்1 ஊசி பக்கத்து ஊரான கம்பத்திலும் கிடைக்கிறது, குமுளியிலும் கிடைக்கிறது. 11, 14, 16 மூன்று எண்களையும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: மெல்லிய துணிக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸ் போன்றவற்றுக்கு 16. தையல் விட்டுவிட்டு விழுந்தால் மிஷினைத் திட்டுவதற்கு முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். பாதி நோய் அதிலேயே தீரும்.

அறுபது வகைத் தையல், நூறு வகைத் தையல் என்பதற்கெல்லாம் பணம் கொடுக்காதீர்கள். நேர்த் தையல், பிசிறு போகாமல் ஓரம் அடிக்க ஜிக்ஜாக், காஜா எடுக்கும் வசதி, கை ஓரத்தையும் கால் ஓரத்தையும் நுழைத்துத் தைக்க ஒடுங்கிய கைப்பகுதி. எனக்கு இந்த நான்கில்தான் வேலை முழுவதும் ஓடுகிறது. ஜூன் முதல் வாரம் கேரளத்தில் பள்ளி திறக்கும்போது குவியும் சீருடைகளுக்கும் இதற்கு மேல் எதுவும் தேவைப்பட்டதில்லை. திரையும் பொத்தானும் உள்ள கம்ப்யூட்டர் மிஷினைப் பஸ்ஸில் தினமும் கொண்டுபோக நான் சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கும் மின்னணுப் பலகை கெட்டால் ஊரில் திறந்து பார்க்க ஆள் கிடையாது. தையல் வகையைக் கைத்திருகில் மாற்றும் மிஷின் என்றால் கம்பத்தில் இருக்கும் மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் சரி செய்துவிடுகிறார். வாங்கும் முன் உங்கள் ஊர் மெக்கானிக்கிடம் மாடல் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தால் அந்த மாடலை விட்டுவிடுங்கள்.

உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தருவதாகச் சொன்னால் மின்னழுத்தத்தைப் பாருங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட். துபாயில் வாங்கியது பிளக்கை மாற்றினால் ஓடும். அமெரிக்க மிஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது. நேரடியாகச் சொருகினால் கருகும். மின்மாற்றி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது ஒரு தனிச் சுமை, அதையும் சேர்த்துத் தூக்க வேண்டும். என் மாணவி ஒருத்தியின் நாத்தனார் ஆசையாகக் கொடுத்த மிஷின் இப்படித்தான் முதல் நாளே புகைந்தது. லயங்களில் மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டால் மணிக்கணக்கில் வராது. அங்கு மட்டும் இன்னும் கையால் சுற்றும் மிஷினுக்கு மதிப்பு உண்டு. அதனால் ஒரு பழைய கை மிஷினை அங்கேயே நிரந்தரமாக வைத்துவிட்டேன்.

கடைக்குப் போகும்போது வீட்டுத் துணியைக் கொண்டுபோங்கள். அவர்கள் கொடுக்கும் கஞ்சி போட்ட வெள்ளைத் துண்டில் எந்த மிஷினும் அழகாகத் தைக்கும். பழைய நைட்டித் துணி ஒரு முழம், லைனிங் வைத்த ஜாக்கெட் வெட்டுத் துண்டு, ஜீன்ஸ் காலின் மடித்த ஓரம், இந்த மூன்றும் போதும். நீங்களே உட்கார்ந்து தையுங்கள். பெடலை மெல்ல மிதித்தால் ஒவ்வொரு தையலாக நகர வேண்டும். மிதித்ததும் பாய்ந்து ஓடினால் வளைவில் உங்களால் பிடித்து நிறுத்த முடியாது. ஜீன்ஸ் ஓரத்தில் தடித்த தையலைத் தாண்டும்போது ஊசி விலகுகிறதா என்று குனிந்து பாருங்கள். பிறகு துணியைத் திருப்புங்கள். மேலும் கீழும் தையல் ஒரே மாதிரி இருந்தால், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கி அந்தக் கடையின் மாடிப்படியை ஒருமுறை ஏறி இறங்குங்கள். கடைக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பயணத்தில் ஊசியைக் கீழே இறக்கி, அடியில் மடித்த துணித் துண்டு வைத்து, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஸ்ஸர் ஃபுட்டையும் இறக்கிவிடுங்கள். பஸ்ஸில் மேல் தட்டில் வைக்காமல் மடியிலோ காலடியிலோ நிமிர்த்தி வையுங்கள். பெடலைத் தனியாகத் துண்டில் சுற்றுங்கள். இல்லையென்றால் வளைவுக்கு வளைவு அது மிஷினில் மோதும். மலையில் ஈரம் அதிகம் என்பதால் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து உலரும்படி வைப்பேன். ஒரு ஜூலையில் நான்கு நாள் பையிலேயே விட்டதில் தகட்டில் துரு ஏறி, அடுத்த வகுப்பில் ஒரு குழந்தையின் வெள்ளைச் சட்டையில் பழுப்புக் கோடு விழுந்தது. எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போட்டு அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. விமானத்தில் போவதாக இருந்தால், உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவாக ஏழு கிலோதான் அனுமதி. பையோடு சேர்த்து எடை போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கத்தரிக்கோலை மட்டும் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள்.