காகிதக் கூழ் ஏன் நாறுகிறது? கேள்விகளும் பதில்களும்

பழைய பேப்பரைக் கூழாக்கும் ஆலையில், கூழ்ப் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தவன் நான். இப்போது காகிதக் கூழில் பொம்மை, அட்டை செய்யும் சின்னப் பட்டறைகளுக்கு வழி சொல்லி வருகிறேன். நாற்றம் சம்பந்தமாக வந்த கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: கொலு பொம்மை செய்ய நியூஸ் பேப்பரையும் கொஞ்சம் அட்டைப்பெட்டியையும் ஒன்றாக ஊறப்போட்டு மூடி வைத்தேன், சார். மூன்றாம் நாளே வீடு முழுக்க நாற்றம். பேப்பர் அழுகிவிட்டதா? (மதுரை வாசகி)

பதில்: நார் அவ்வளவு சீக்கிரம் அழுகாது அம்மா. அதோடு வருகிற மாவுச்சத்துதான் கெடுகிறது. அட்டைப்பெட்டியின் நெளிதாளை ஒட்டுவது சோளமாவுப் பசை. பல காகிதங்களுக்கு மேல்பூச்சாகவும் ஸ்டார்ச் போடுகிறார்கள். ஊறும்போது அது தண்ணீரில் இறங்கிக் கிருமிகளுக்குத் தீனியாகிறது. தோசை மாவு புளிப்பது போலத்தான் முதலில் புளிக்கும். மூடின வாளியில் காற்று தீர்ந்ததும் வேறு வகைக் கிருமிகள் கிளம்பி பியூட்ரிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்கும். கெட்டுப்போன வெண்ணெய் வாடை அதுதான்.

அதனால் நாள்கணக்கில் ஊறவைக்கவே வேண்டாம். பேப்பரைப் பொடியாகக் கிழித்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் போதும். அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, நல்ல தண்ணீர் விட்டு மிக்ஸியில் அரையுங்கள். வடித்த தண்ணீரோடு பாதித் தீனி போய்விடும். அட்டையைத் தனியாக ஊறவைத்து அன்றைக்கே அரைத்துவிடுங்கள்.

பசை விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும். மைதாவோ மரவள்ளி மாவோ காய்ச்சிய பசையைக் கூழில் கலந்து வைத்துவிட்டு மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அன்றைக்கு வேண்டிய கூழுக்கு மட்டும் அன்றைக்குக் கலக்குங்கள். மிச்சக் கூழை ஒட்டப் பிழிந்து, கையகல வில்லைகளாகத் தட்டி வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்துவிடுங்கள். ஈரம் இல்லையென்றால் நாற்றமும் இல்லை. காய்ந்த நார் கொஞ்சம் விறைத்துப்போகும், மறுபடி ஊறவைத்தால் பழைய பிடிப்பு முழுதாக வராது. ஆனால் பொம்மைக்கு அது தாராளம்.

கேள்வி: எங்கள் பாட்டி காகிதக் கூழோடு வெந்தயம் சேர்த்து ஆட்டுக்கல்லில் அரைத்து, குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் அப்பிக் கூடை செய்வார்கள். வெந்தயம் நாற்றத்துக்காகவா?

பதில்: முதல் வேலை பிடிப்புதான். ஊறின வெந்தயத்தின் வழவழப்பு நாரோடு நாரை நன்றாகக் கட்டும். கசப்பும் வாசமும் பூச்சியை அண்டவிடாது என்பது கூடுதல் லாபம். ஆனால் ஈரக்கூழில் வெந்தயமும் கிருமிக்குத் தீனியே. பாட்டி கூடை நாறாமல் போனதற்குக் காரணம், அரைத்த கையோடு அப்பி, நல்ல வெயிலில் காயவைத்ததுதான். அந்தக் கூடை பல வீடுகளில் இன்னும் அரிசி பருப்பு போட உழைக்கிறது. செய்யத் தெரிந்தவர்கள் பக்கத்தில் இருந்தால் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பினாயில், கற்பூரம், சென்ட் ஏதாவது கலக்கலாமா?

பதில்: வேண்டாம். இரண்டு வாடையும் சேர்ந்து இன்னும் மோசமாகும். கிராம்பு எண்ணெய் சில சொட்டு விட்டால் கிருமி வளர்வது மெதுவாகும், ஓரிரு நாள் தள்ளும். பிளீச்சிங் பவுடர் ஒரு வாளிக்கு ஒரு சிட்டிகை போடலாம். ஆனால் அதோடு வினிகர், எலுமிச்சை, கழிவறை ஆசிட் எதுவும் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும். சில பட்டறைகளில் பசைக்கு மயில்துத்தம் போடுகிறார்கள். அது விஷம், குழந்தைகள் கை வைக்கும் பொம்மைக்கு ஆகாது.

கேள்வி: பள்ளியில் பிள்ளைகளோடு பழைய நோட்டுகளைக் கூழாக்கப் போகிறோம். எதைத் தவிர்க்க வேண்டும்? (ஆசிரியை, தாராபுரம்)

பதில்: கடை பில், ஏ.டி.எம். சீட்டு. அவை வெப்பத்தால் எழுத்து வரும் தாள்கள். பலவற்றில் பிஸ்பீனால் வகை ரசாயனம் உண்டு, பிள்ளைகள் கையால் பிசையும் கூழில் அது சேர வேண்டாம். மெழுகு பூசியது, ஜூஸ் அட்டை, பளபளப்பான அழைப்பிதழ் எல்லாம் சரியாகக் கரையாது. நோட்டுத்தாள் நல்ல நார். காலையில் அரைத்துச் சாயங்காலத்துக்குள் தாளாக எடுத்துவிட்டால் நாற்றப் பேச்சே வராது.

கேள்வி: பெட்டிக்கான பழுப்புத் தாள் செய்யும் சின்ன கிராஃப்ட் ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறேன். ஞாயிறு நிறுத்திவிட்டுத் திங்கள் ஓட்டினால் செஸ்ட்டில், அதாவது கூழ்த் தொட்டியில், அழுகிய முட்டை நாற்றம். பெட்டி செய்கிற பார்ட்டி, பேப்பரே நாறுகிறது என்று ரோலைத் திருப்பி அனுப்புகிறார். படிகாரம் அதிகம் போடச் சொல்கிறார்கள்.

பதில்: தம்பி, அந்தப் படிகாரத்தை முதலில் நிறுத்துங்கள். நாறத் தொடங்கின கூழில் சல்ஃபைடு கரைந்து நிற்கிறது. படிகாரம் போட்டால் புளிப்பு ஏறும், கரைந்து நிற்பது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற அழுகிய முட்டை வாடை வாயுவாக வெளியே வரும். படிகாரத்திலுள்ள சல்ஃபேட்டோ, காற்றில்லாத இடத்தில் வாழும் கிருமிகளுக்கு மூலப்பொருள். அதைத்தான் அவை சல்ஃபைடாக மாற்றுகின்றன. சுண்ணாம்போ சோடாவோ போட்டால் வாடை உடனே அடங்கின மாதிரி தெரியும். அமிலங்கள் உப்பாகி ஆவியாகாமல் நிற்பதால் வரும் அடக்கம் அது. கிருமி அப்படியேதான் இருக்கும்.

உங்கள் நோய் சனிக்கிழமை இரவு தொடங்குகிறது. நிறைந்த செஸ்ட்டை, கூழைக் கலக்கும் அஜிடேட்டர் நிறுத்தி விட்டுப்போனால், மூலையில் கூழ் படிந்து காற்றில்லாமல் கிடக்கும். நிறுத்துமுன் செஸ்ட்டை முடிந்தவரை காலி செய்யுங்கள். முடியாவிட்டால் அஜிடேட்டர் ஓடட்டும், பயோசைடு என்ற கிருமிக்கொல்லியையும் நிறுத்துவதற்கு முன்பே போடுங்கள். திங்கள் காலையில் போட்டால் பாதிப் பணம் வீண். பேக்வாட்டர் (தாளிலிருந்து வடிந்து திரும்பும் தண்ணீர்) தொட்டியின் சுவரைக் கையுறையோடு தடவிப் பாருங்கள். சளி மாதிரி வழவழப்பு வந்தால் அந்தப் படிவுதான் நாற்றத்துக்கு விதைப்பண்ணை. காஸ்டிக் சோடா போட்ட சுடுதண்ணீரால் குழாய் லைனை முழுசாகக் கழுவி எடுக்க வேண்டும்.

பேப்பர் நாறுவதற்கு இன்னொரு காரணம் தண்ணீர்ச் சுற்று. கழிவுநீரே வெளியே விடாமல் அதே தண்ணீரைச் சுற்ற விட்டால், ஸ்டார்ச்சும் அமிலமும் ஏறிக்கொண்டே போகும், சூடும் கூடும். அந்தத் தண்ணீர் தாளோடு போய், மழைக்காலத்தில் ஈரம் பட்டதும் பெட்டியில் வாடை அடிக்கும். தண்ணீரை மிச்சம் பிடிப்பது நல்ல காரியம்தான். ஆனால் சுற்றின் ஒரு பங்கையாவது சுத்திகரித்து உள்ளே விடாமல் மூடக்கூடாது. யார்டில் மழையில் நனைந்து கிடக்கும் பழைய பேப்பர்க் கட்டுகளையும் கவனியுங்கள், அழுகல், பேப்பரைக் கூழாக்கும் பல்ப்பருக்கு வருமுன்பே அங்கே ஆரம்பித்துவிடும்.

கேள்வி: என் அண்ணன் செஸ்ட் கழுவ இறங்குகிறார். முதலில் நாறும், அப்புறம் பழகிவிடும் என்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. இதை அவருக்கு இன்றைக்கே படித்துக் காட்டுங்கள். நாற்றம் பழகவில்லை, மூக்கு மரத்துப்போகிறது. ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) கூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரியும். 100 பி.பி.எம். வந்தால் சில நிமிடங்களில் வாசனை உணர்வே போய்விடும். 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் ஆள் சுருண்டு விழலாம். இந்த வாயு காற்றைவிடக் கனம், அடியில் தேங்கும். மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடிச்சேற்றை மண்வெட்டியால் கிளறும்போது அடைபட்டிருந்த வாயு மொத்தமாகக் கிளம்பும். விழுந்தவரைத் தூக்க இறங்கினவரும் விழுவதுதான் இதில் பெரிய கொடுமை.

வாயு அளக்கும் மீட்டர் இல்லாமல், ஃபேன் வைத்துக் காற்றோட்டம் கொடுக்காமல், இடுப்புக் கயிறும் மேலே காவலுக்கு ஆளும் இல்லாமல் இறங்கவே கூடாது. விஷவாயு இருக்கும் தொட்டிக்குள் பாதுகாப்பின்றி இறங்குவதை 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவே தடுத்தது. அப்படி இறங்க அவர் மறுப்பதே சரி. துணியைக் கட்டிக்கொண்டு இறங்குவது எந்தப் பாதுகாப்பும் தராது.

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகே பேப்பர் ஆலை. காகிதம் என்றால் நாறத்தான் செய்யும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: மரத்தைச் சல்ஃபைடு போட்டு வேகவைக்கும் ஆலையில், அந்த ரசாயனத்தால் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளின் வாடை வரும். பழைய பேப்பர் ஆலையில் அந்தச் சமையலே கிடையாது. அங்கே வருவது பெரும்பாலும் அழுகல் வாடை, அதாவது தடுக்கக்கூடியது. கழிவுநீர்க் குட்டைக்குக் காற்று கொடுக்காமல் விடுவதும், சகதியை வெளியே குவிப்பதும்தான் வழக்கமான காரணங்கள். காற்றில்லாமல் சுத்திகரிப்பதாக இருந்தால் மூடின கலத்தில் செய்து, வரும் வாயுவை எரிபொருளாக்கலாம். எந்த நேரத்தில், எந்தக் காற்றில், எந்த மாதிரி வாடை என்று எழுதி வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுங்கள். நேரம் குறித்த மனுவை ஒதுக்குவது கடினம்.

கேள்வி: இந்தக் கூழில் டிபன் தட்டு செய்து விற்கலாமா?

பதில்: கூடாது. நியூஸ் பேப்பரில் உணவைக் கட்டுவதையே 2018-ம் ஆண்டு உணவுப் பொதிவு விதிகள் தடுக்கின்றன. மை கூழிலும் இருக்கிறது. நாற்றுத்தொட்டி, பேனா ஸ்டாண்ட் செய்யுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே நாறிவிட்ட கூழைக் கொட்டிவிடுவதா?

பதில்: புளித்த வாடை மட்டும் என்றால் துணியில் கட்டி, மூன்று நான்கு தடவை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்து, கொதிநீர் ஊற்றி, அன்றைக்கே பயன்படுத்துங்கள். முட்டை வாடையும் கறுப்பும் வந்துவிட்டால் திறந்த வெளியில் வைத்துப் பிழிந்து, உலர்ந்த இலையோடும் சாணத்தோடும் கம்போஸ்ட் குழியில் மெல்லியதாகப் பரப்புங்கள். வழவழப்புத் தாளும் வண்ண அட்டையும் சேர்ந்த கூழாக இருந்தால் குழிக்கும் வேண்டாம்.