பத்திரம் எழுதும்போது வராத கோபம்

கேள்வி: பிள்ளை சோறு போடுகிறானா இல்லையா என்று கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) ஆபீசில் விசாரிக்கிறார்கள், எழுதிக் கொடுத்த சொத்தைக்கூட ரத்து செய்கிறார்கள். வீட்டு விவகாரத்தில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: அந்தச் சொத்து எப்படிப் பிள்ளை பேருக்கு வந்ததாம்? அப்பாவைச் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், ரேகை வைத்து, போட்டோ பிடித்து, இரண்டு சாட்சியோடு செட்டில்மென்ட் எழுதி, அப்புறம் பட்டா மாற்றத் தாசில்தார் ஆபீஸ் வரை நடந்தபோதெல்லாம் அரசாங்கம் வேண்டியிருந்தது. அதே அப்பா மனுவோடு அதே அரசாங்கத்திடம் போனால் மட்டும் அது வீட்டு விவகாரமாகிவிடுகிறது.

இது புதிதும் இல்லை. பெற்றோருக்கு ஜீவனாம்சம் தரச் சொல்லும் பிரிவு 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது. கோர்ட்டுக்கு அலைய முடியாத வயதானவர்களுக்காக 2007-ல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று தனிச் சட்டம் வந்தது, அவ்வளவுதான். பிள்ளை இல்லாதவர் என்றால், அவர் சொத்து யாருக்குப் போகுமோ அந்த உறவினர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது.

கொடுத்த சொத்தையெல்லாம் பிடுங்கிவிடுவார்கள் என்பதும் சரியில்லை. சட்டம் அமலுக்கு வந்த பிறகு, பார்த்துக்கொள்வான் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்து, அவன் கைவிட்டால்தான் எழுதிக் கொடுத்ததை ரத்து செய்யும் 23-வது பிரிவு வரும். அந்த நிபந்தனை பத்திரத்தில் எழுத்தாக இருந்தே ஆக வேண்டுமா என்பதில்தான் இழுபறி. 2022-ல் கறாராக இருந்த உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் கொஞ்சம் இளகியிருக்கிறது. எதற்கும் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெற்ற பிள்ளையிடம் போய் நிபந்தனையா என்று கூச்சப்பட்டு விட்டவர்கள்தான் பிறகு மனுவோடு நிற்கிறார்கள்.

எனக்கும் இந்தச் சட்டத்தில் சங்கடம் உண்டு. மகனோடு கூட்டுச் சேர்ந்து மருமகளை வெளியே தள்ள இதைப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்குத் தரும் குடியிருக்கும் உரிமையை இதைக் காட்டிப் பறிக்க முடியாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டிவந்தது. இன்னொன்று, ஜீவனாம்சம் மாதம் அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2007-ல் போட்ட வரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. மருந்துக் கடையில் 2007 விலைக்கா மாத்திரை தருகிறார்கள்?