அப்பாவின் கம்பி பிரேக் சைக்கிளில் பூம்புகார் போகலாமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: அப்பா நெல் மூட்டை ஏற்றி ஓட்டிய சைக்கிள் கொல்லைக் கொட்டகையில் கிடக்கிறது. கம்பி பிரேக், கியர் கிடையாது. அதைத் தயார் செய்து, பை கட்டிக்கொண்டு கல்லணையிலிருந்து காவிரிக் கரையோரமாகவே பூம்புகார் வரை போக ஆசை. கடைக்காரர் 21 கியர் போட்டு, பிரேக்கையும் மாற்றித் தர 9,000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா? புதிதாகவே வாங்கிவிடலாமா? – பள்ளி ஆசிரியர், மயிலாடுதுறை

பதில்: பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். சைக்கிளின் பாருக்கு இருபுறமும் காலை ஊன்றி நில்லுங்கள். இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்து, பாருக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். அந்தக் காலத்து 24 அங்குல சைக்கிள் பலருக்கும் உயரம் கூடுதல்தான். கடைத்தெருவுக்குப் போய்வர அது போதும். பின்னால் சுமையோடு பேருந்துக்கு ஒதுங்கி நிற்கும்போது கால் எட்டவில்லை என்றால் சாய்ந்துவிடுவீர்கள். உயரம் ஒத்துவரவில்லை என்றால் அந்தச் சைக்கிளுக்கு ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம். துடைத்து, எண்ணெய் போட்டு, அப்பாவின் நினைவாக வைத்திருங்கள்.

உயரம் சரி என்றால் அடுத்து பிரேமைப் பாருங்கள். ஹேண்டிலுக்குக் கீழே முன் குழாயும் சாய்வுக் குழாயும் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் சுருக்கம் விட்டோ சின்ன மேடாகவோ இருந்தால் எப்போதோ முன்னால் பலமாக மோதியிருக்கிறது. அதை நெடும்பயணத்துக்கு நம்ப முடியாது. பிறகு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடல் அச்சு ஓடும் கூட்டின் அடியைப் பாருங்கள். மழைத் தண்ணீர் குழாய்களின் உள்வழியாக இறங்கித் தங்குவது அங்கேதான். ஸ்குரூ டிரைவர் முனையால் அழுத்தினால் உள்வாங்காமல் கெட்டியாக இருக்க வேண்டும். கடைசியாக சீட் கம்பியின் பிடிப்பைத் தளர்த்திவிட்டு, அது துருவில் சிக்காமல் அசைகிறதா என்று திருகிப் பாருங்கள். இந்த மூன்றும் தேறினால் உங்களிடம் இருப்பது நல்ல சைக்கிள்.

இப்போது அந்த 21 கியருக்கு வருவோம். வேண்டாம். பழைய சைக்கிளில் பின்சக்கரம் உட்காரும் இடைவெளி சுமார் 110 மில்லிமீட்டர். மலைச் சைக்கிள் வகைக் கியருக்கான ஹப்புக்கு, அதாவது சக்கரத்தின் நடு உருளைக்கு, 135 வேண்டும். 25 மில்லிமீட்டருக்கு இரும்பை நெம்பி அகட்டுவார்கள். அகட்டினால் அச்சு உட்காரும் இரண்டு தகடுகளும் நேருக்கு நேர் நிற்காது. அச்சு வளையும், சுமை ஏறினால் ஒடியவும் செய்யும். கியர் மாற்றியைத் தொங்கவிட பிரேமில் காது (துளையுள்ள சிறு தகடு) கிடையாது, அதற்கும் ஒரு ஒட்டுத் தகடு. இவ்வளவு பாடுபட்டு வாங்கும் கியரை எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள்? கல்லணையிலிருந்து கடல் வரை தரை மெல்லச் சரிந்துகொண்டேதான் போகிறது. ஏற்றம் என்று வருவது ஆற்றுப் பாலமும் ரயில்வே மேம்பாலமும் மட்டுமே.

நம் பக்கத்தில் சைக்கிள்காரரைச் சோதிப்பது காற்று. அதற்கு 21 கியர் தேவையில்லை, பின்னால் இரண்டு பல் கூட்டினால் போதும். உங்கள் சைக்கிளில் முன்பல் சக்கரம் 44 பல்லும் பின்னால் பிரீவீல் 18 பல்லும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை பெடலைச் சுற்றினால் வண்டி சுமார் ஐந்தரை மீட்டர் ஓடும். பிரீவீலை 20 பல்லாக மாற்றினால் அது ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கீழே வந்துவிடும். எதிர்காற்றில் பை சுமந்து மிதிக்க முழங்காலுக்கு இது பெரிய ஆறுதல். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டியிருக்கலாம், அவ்வளவுதான்.

பிரேக் விஷயத்தில் கடைக்காரரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ரிம்மையும் சேர்த்து மாற்றுகிறீர்களா? கம்பி பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை, அதாவது போக்ஸ் கம்பி இறங்கும் பக்கத்தை, அழுத்தி நிறுத்துகிறது. புதுவகை பிரேக் ரிம்மின் இரு பக்கச் சுவர்களையும் கவ்வுகிறது. உங்கள் பழைய ரிம்மின் பக்கம் உருண்டையாக இருக்கும், கட்டை அதில் நிற்காது. ரிம்மை விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் மாற்றுவது வீண் செலவு, ஆபத்தும்கூட. பழைய 28 அங்குல ரிம்மின் டயர் இருக்கை விட்டம் 635 மில்லிமீட்டர். இன்று பரவலாகக் கிடைக்கும் 700சி ரிம்முக்கு அது 622. டயரும் டியூபும்கூட மாறும். கம்பி பிரேக்கையே வைத்துக்கொண்டால் நான்கு கட்டைகளையும் புதிதாகப் போட்டு, கம்பி மூட்டுகளில் ஆட்டம் இல்லாமல் இறுக்கிக்கொள்ளுங்கள். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பிடிப்பது வெகுவாகக் குறையும். மழை தூறினாலே வேகத்தைப் பாதியாக்கிவிட வேண்டும். இதில் சமரசம் கூடாது.

பணத்தைச் சக்கரத்தில் போடுங்கள். நம் பழைய சைக்கிள்களில் வழக்கமாக முன்னால் 32, பின்னால் 40 போக்ஸ். சுமை தாங்க இதைவிட நல்ல ஏற்பாடு இன்றைய கடைச் சைக்கிள்களில் அபூர்வம். துருப்பிடித்த கம்பிகளை ஒன்றிரண்டாக மாற்றாமல் பின்சக்கரத்தை முழுசாகப் புதுக் கம்பியில் பின்னி, கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள். ஹப்பைப் பிரித்து பால்ரஸ் அத்தனையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். தேய்ந்ததோடு புதியதைக் கலந்தால் சுமை முழுவதும் புதியதன் மேல் ஏறி, அது கோனை, அதாவது பால்ரஸ் உருளும் கூம்பு வளையத்தை, தின்றுவிடும். பெடல் தண்டைப் பிடித்திருக்கும் காட்டர் பின் இரண்டையும் மாற்றிவிட்டு, 50 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு ஒரு முறை தட்டி இறுக்க வேண்டும். புது டயர், புது டியூப், புதுச் செயின். இவை எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் அந்த 9,000-இல் பாதிக்குள் முடிந்துவிடும். இன்னொரு லாபமும் உண்டு. திருக்காட்டுப்பள்ளியிலோ திருவையாற்றிலோ பாபநாசத்திலோ எது கழன்றாலும் அங்குள்ள சைக்கிள் கடையில் அந்தச் சாமான் இருக்கும். நான் எந்தச் சைக்கிளுக்கும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எப்போது போகலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆடியில் போங்கள். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடும். ஆடிக் காற்று மேற்கிலிருந்து வீசுவதால் பூம்புகார் வரை முதுகில் கைவைத்துத் தள்ளும். கடலை நெருங்கும்போது மதியத்துக்கு மேல் எதிர்காற்று கிளம்பக்கூடும். மயிலாடுதுறை தாண்டிய கடைசிப் பகுதியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இரும்பு பிரேம் சுற்றுலா சைக்கிள் வாங்கி ஒன்றரை வருடம்தான் ஆகிறது. வாரம் ஒருமுறை கோடியக்கரைப் பக்கம் போவேன். குழாய் இணைப்புகளில் பெயின்ட் கொப்புளித்துத் துரு தெரிகிறது. பிரேமுக்கு ஆயுள் உத்தரவாதம் என்றார்கள், இப்போது துருவுக்கு இல்லை என்கிறார்கள். – வேதாரண்யம்

பதில்: உத்தரவாத அட்டையை எடுத்து முழுவதும் படியுங்கள். ஆயுள் உத்தரவாதம் என்பது பெரும்பாலும் வெல்டிங் விடுவது, குழாய் விரிசல் போன்ற தயாரிப்புக் குறைகளுக்கு மட்டும். துருவும் பெயின்டும் விலக்குப் பட்டியலில் இருக்கும். அப்படி அச்சிட்டிருந்தால் அவர்கள் சொல்வது சரிதான். அட்டையில் விலக்கு இல்லை என்றாலோ, வாங்கும்போது காட்டிய விளம்பரத்தில் துருவுக்கும் சேர்த்து உறுதி சொல்லியிருந்தாலோ எழுத்துமூலம் கேளுங்கள்.

உப்பளக் காற்றில் இரும்புச் சைக்கிள் வைத்திருப்பவர் வெளித்துருவைக் கண்டு பயப்பட வேண்டாம், உள்துருவுக்குப் பயப்பட வேண்டும். கொப்புளத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து மேலே பெயின்ட் தொட்டுவிட்டால் வெளி வேலை முடிந்தது. உள்ளே செய்ய வேண்டியது வேறு. சீட் கம்பியை உருவி, சைக்கிளைச் சாய்த்து, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழாய்க்குள் ஊற்றி, எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி ஓடவிடுங்கள். மீதியை வடித்துவிட்டு இரண்டு நாள் காயவிட்டால் உள்சுவரில் ஒரு மெல்லிய தோல் கட்டிவிடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. விரித்துக் காயவிட வேண்டும். பெடல் கூட்டின் அடியில் தண்ணீர் வடியும் சிறு துளை இருந்தால் அது அடைபடாமல் பாருங்கள்.

சீட் கம்பி அலுமினியம் என்றால் கிரீஸ் தடவிப் பொருத்தி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உருவித் துடையுங்கள். உப்பு ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். முழுசாகப் பிடித்துவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். கோடியக்கரை போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் இரும்பு பிரேமும் ஃபோர்க்கும் தனியாக வாங்கினேன். சக்கரம் மாட்டினால் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கிறது. விற்றவர், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறது’ என்கிறார். – கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: முதலில் குறை பிரேமில்தான் என்று உறுதி செய்யுங்கள், சக்கரத்தின் கோட்டமாகவும் இருக்கலாம். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். அப்போது மறுபக்கம் ஒதுங்கினால் தப்பு சக்கரத்தில். அதே பக்கம் ஒதுங்கினால் பிரேமில். பின் அச்சுத் தகடு ஒன்றில் நூலைக் கட்டி, ஹேண்டில் குழாயைச் சுற்றி மறுபக்கத் தகட்டுக்குக் கொண்டுவந்து விறைப்பாகக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஸ்கேலால் அளந்து, ஸ்கேல் தெரியும்படி புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி, ஒன்றரை மில்லி வித்தியாசத்துக்குச் சண்டை போட வேண்டாம். ஐந்து மில்லி என்றால் அது குறைதான். இனிமேல் அதில் ஒரு பாகமும் பூட்டாதீர்கள், உள்ளூர்ப் பட்டறையில் நெம்பவும் கொடுக்காதீர்கள். தொட்டுவிட்டால், கெடுத்தது நீங்கள்தான் என்பார்கள்.

பில்லில் அச்சிட்ட அந்த வாசகத்தைக் கண்டு பின்வாங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். ‘திரும்பப் பெறமாட்டோம்’ என்பது கெடு ஆகாது. எனவே 30 நாள் கணக்கை நினைவில் வைத்து இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்: வாங்கிய தேதி, குறை, புகைப்படம், உங்களுக்கு வேண்டியது பணமா மாற்றுப் பொருளா. தொலைபேசியில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: பிரேமில் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த இரும்பு) என்று எழுதியிருந்தால் அவ்வளவு கூடுதல் விலை கொடுக்கலாமா? – கும்பகோணம்

பதில்: நெடும்பயணம்தான் நோக்கம் என்றால் கொடுக்கலாம். எல்லா இரும்புக்கும் விறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். குரோமோலிக்கு வலு அதிகம், அதனால் குழாயை மெல்லிசாகச் செய்ய முடிகிறது, எடை குறைகிறது. ஆனால் ஸ்டிக்கரைக் கவனமாகப் படியுங்கள். மூன்று முதன்மைக் குழாய்கள் மட்டும் குரோமோலி, பின்பக்கமும் ஃபோர்க்கும் சாதா இரும்பு என்று விற்பதுண்டு. ஃபோர்க் உட்பட முழுவதும் 4130 எனும் குரோமோலி ரகமா என்று கேட்டு, அதை பில்லில் எழுதி வாங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது, அதையும் பில்லில் சரிபாருங்கள்.

கேள்வி: முன்னாலும் பை தொங்கவிட ஃபோர்க்கில் காது வைத்து வெல்டிங் செய்து தருவதாகப் பட்டறைக்காரர் சொல்கிறார். – பட்டுக்கோட்டை

பதில்: கேட்டுக்கு வைக்கும் ஆர்க் வெல்டிங் என்றால் உடனே மறுத்துவிடுங்கள். மெல்லிய குழாய் ஓட்டை விழும். ஓட்டை விழாவிட்டாலும் அந்த இடம் பலவீனப்பட்டு பின்னாளில் விரிசல் விடும். ஃபோர்க் ஒடிந்தால் முகம்தான் முதலில் தரையில் படும். கேஸ் வைத்துப் பித்தளையில் பற்றவைக்கத் தெரிந்தவர், அதுவும் சைக்கிள் பிரேமில் வேலை செய்து பழகியவர் கிடைத்தால் செய்யலாம். பெயின்ட் போகும், உத்தரவாதமும் போகும். இரண்டையும் இழக்க மனமில்லை என்றால் உள்ளே ரப்பர் வைத்த வளையக் கிளாம்பை ஃபோர்க் காலில் மாட்டி அதில் கேரியரை முடுக்கலாம். பக்கத்துக்கு மூன்று நான்கு கிலோ தாராளமாகத் தாங்கும். கிளம்பும் ஒவ்வொரு காலையும் அந்த நட்டுகளைக் கையால் திருகிப் பாருங்கள்.

கேள்வி: செயின் எப்போது மாற்றுவது? – மன்னார்குடி

பதில்: அங்குல ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவிலிருந்து அளந்தால் புதுச் செயினில் 12 அங்குலத்தில் சரியாக இன்னொரு பின்னின் நடு வரும். அது ஸ்கேலைத் தாண்டி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நகர்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். எட்டில் ஒரு பங்கு ஆகும்வரை விட்டால் பின்பல் சக்கரமும் சேர்ந்து போகும். அறுவடைக் காலத்தில் சாலையில் போர் அடித்த வைக்கோல் மேல் கியர் சைக்கிளை ஓட்டாதீர்கள். ஒரு தாள் கியர் மாற்றிக்குள் சுற்றிக்கொண்டால் அது சக்கரத்துக்குள் இழுபட்டு, காதையும் ஒடித்துவிடும். இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள்.